[கலைச்சொல்] ‘எபிதெட்’டுக்கு ‘இனச்சுட்டு’ சரிவருமா?

வணக்கம்.

பிளஸ் ஒன் பிள்ளைகள் தாவரப் பெயர்களை உருப்போட்டே ஓய்ந்துபோகிறார்கள். அடிப்படை இலத்தீன் சொற்கள் கொஞ்சத்தைப் பொருளோடு கொடுத்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கும் என்று ஒரு பட்டியல் போட்டுவருகிறேன். ஆல்பா வெள்ளை, நைக்ரா கறுப்பு, ஃபோலியம் இலை. ‘ஃபெர்’ என்றால் தாங்குவது. ஃபிளபெல்லம் விசிறி, நம்ம பனை பொராசஸ் ஃபிளபெல்லிஃபர். நக்ஸ் கொட்டை; தென்னை கோகோஸ் நூசிஃபெரா. ஒலியம் எண்ணெய், முருங்கை மொரிங்கா ஒலிஃபெரா. “பனைக்கு மட்டும் ஏன் சார் ‘ரா’ இல்ல?” என்று ஒரு பிள்ளை கேட்டது. இலத்தீனில் முதல் சொல்லான பேரினப் பெயரின் (ஜீனஸ்) பாலுக்கேற்ப இரண்டாம் சொல்லின் ஈறு மாறும்: பொராசஸ் ஆண்பால், மற்ற இரண்டும் பெண்பால், அவ்வளவுதான்.

சிக்கல் வேறு. இந்த இரண்டாம் சொல்லுக்கு, அதாவது எபிதெட்டுக்கு, என்ன பெயர்? ‘சிற்றினப் பெயர்’ (ஸ்பீஷீஸ் பெயர்) என்றே எழுதிப் பழகிவிட்டோம். தாவரப் பெயரிடும் விதிப்படி இரண்டு சொல்லும் சேர்ந்தால்தான் சிற்றினப் பெயர். சட்டைவா என்றால் பயிரிடப்படுவது. நெல் ஓரைசா சட்டைவா, கஞ்சா கேனபிஸ் சட்டைவா. சட்டைவாவே சிற்றினப் பெயர் என்றால் நெல்லும் கஞ்சாவும் ஒன்றா? ‘அடைமொழி’ என்று போட்டுவிடலாமா?

— உயிரியல் ஆசிரியர், அம்பாசமுத்திரம்

*

சார்வாள்,

அடைமொழி வேண்டாம். உங்க முண்டந்துறைப் புலியையே எடுத்துக்கிடுங்க: பாந்தெரா டைக்ரிஸ். டைக்ரிஸ் என்பதே புலிதானே? பெயரோடு பெயர் ஒட்டி நிற்குது. நம்ம இலக்கணத்தில் சாரைப்பாம்பு மாதிரி இருபெயரொட்டு. இதையும் சிங்கம்பட்டியின் பெயரைத் தாங்கிய யூஜீனியா சிங்கம்பட்டியானா என்ற தாவரத்தையும் ஒரே சொல்லுக்குள் அடக்கணும்.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ‘இனச்சுட்டு’ என்று ஒரு சொல்லை வைத்துவிட்டுப் போயிருக்கார். “இனச்சுட்டு இல்லாப் பண்புகொள் பெயர்க்கொடை வழக்காறு அல்ல செய்யுளாறே.” அதாவது, தன் இனத்தில் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டாத பண்புப்பெயர் பேச்சு வழக்கில் வராது, செய்யுளில் வரும். செந்தாமரை என்றால் வெண்தாமரையிலிருந்து பிரித்துக் காட்டுது. செஞ்ஞாயிறு என்றால் எதிலிருந்து பிரிக்க? கறுப்பு ஞாயிறா இருக்கு? அதனால் அது செய்யுளுக்கு மட்டும். இனத்துக்குள் ஒன்றைச் சுட்டிப் பிரிப்பதுதானே எபிதெட்டின் வேலையும்? அது பண்பாக இருந்தால் என்ன, ஊராக இருந்தால் என்ன. இனச்சுட்டு என்றே வையுங்க.

— தமிழாசிரியர் (ஓய்வு), பாளையங்கோட்டை

*

அண்ணாச்சி சொன்ன நூற்பாவே அண்ணாச்சிக்கு எதிராகத் திரும்புதே. அகத்தியமலையில் ஒரு மரம் இருக்கு. பெட்டோம் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் அதற்கு வைத்த பெயர் பொயசிலோநியூரான் பாசிஃபுளோரம், ‘பூ குறைந்தது’. 2007இல் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்து அகத்தியமலையா பாசிஃபுளோரா ஆக்கினார்கள். அந்தப் பேரினத்தில் இந்த ஒரு மரம்தான். பிரித்துக்காட்டப் பக்கத்தில் ஆளே இல்லை. அப்போது பாசிஃபுளோரா எந்த இனத்தைச் சுட்டுது? செஞ்ஞாயிறு கதைதான்.

போகிற போக்கில்: பேரினம் மாறியதும் ‘ரம்’ போய் ‘ரா’ வந்ததைக் கவனியுங்கள். பழைய பேரினம் அலிப்பால் (நியூட்டர்), புதியது பெண்பால். மாணவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் அகப்படாது.

— வனத்துறைப் பணியாளர், களக்காடு

*

களக்காட்டு அன்பருக்கு: ஒத்த மரமானாலும் விதி இரண்டு சொல் கேட்குது. நாளைக்கு அடுத்த மலையில் இன்னொன்று கிடைத்தால் பிரிக்க வேண்டுமே, அதற்குத் தயாராக வைத்த சுட்டு என்று கொள்ளுங்க. ‘இனம்’ என்ற சொல் பேரினம், சிற்றினம் இரண்டிலும் கிடந்து குழப்பும் என்று யாராவது கேட்டிருந்தால்தான் நான் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

— பாளையங்கோட்டை

*

அதை நானே கேட்கிறேன், அண்ணாச்சி. வகுப்பில் ‘இனம்’ என்றதும் “பேரினமா, சிற்றினமா?” என்பார்கள். அதனால் பட்டியலில் ‘சிற்றினச்சுட்டு’ என்று நீட்டிப் போடுகிறேன், பக்கத்தில் எபிதெட் என்றும் இருக்கும். ஆட்சேபம் இருந்தால் திங்கட்கிழமைக்குள் எழுதுங்கள், பிறகு ஜெராக்ஸுக்குப் போய்விடும்.

அடுத்து ‘அலிப்பால்’. அந்தச் சொல்லை வகுப்பில் வாயெடுத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ‘பொதுப்பால்’ என்றால் இரண்டுக்கும் பொது என்றாகிவிடும். இலத்தீனில் அது இரண்டுமே இல்லாதது. வேறு சொல் இருக்கிறதா?

— அம்பாசமுத்திரம்