அம்மா வேலைக்குச் சேர்ந்த மிகப் பழைய திகதி

பொகவந்தலாவையிலிருந்து ஓர் உறுப்பினர்:

தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மாவின் சேவைக்காலப் பணத்தைச் சரிபார்த்தபோது நேர்ந்ததை எழுதுகிறேன். இலங்கையின் 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்குப் பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம் சேர வேண்டும் என்பதால், வேலைக்குச் சேர்ந்த திகதி எது என்பதிலேயே எல்லாம் தங்கியிருந்தது. தகரப் பெட்டியிலிருந்த பத்திரங்களோ ஆளுக்கொரு திகதியைச் சொல்லின.

பத்திரத்தின் பெயரைக் கீயாகவும் (தேடும் சொல்) திகதியை வேல்யூவாகவும் (அதற்குரிய மதிப்பு) வைத்துப் பைதான் என்ற கணினி நிரல் மொழியில் ஒரு டிக்ஷனரி, அதாவது இணைப் பட்டியல், எழுதி, மிகச் சிறியதைத் தேர்ந்து தரும் ‘மின்’ ஃபங்ஷனிடம் அப்படியே கொடுத்தேன். ‘சங்கச் சந்தா அட்டை’ என்று விடை வந்தது. அது திகதிகளைப் பார்க்கவேயில்லை. பத்திரங்களின் பெயர்களை எழுத்து வரிசையில் ஒப்பிட்டிருந்தது. வேல்யூவைக் கொண்டு ஒப்பிடும்படி, கீக்குரிய வேல்யூவை எடுத்துத் தரும் டிக்ஷனரியின் ‘கெட்’டையும் சேர்த்துக் கொடுத்த பிறகு, 01/12/1984 என்ற திகதியுள்ள சேமலாப நிதிப் பத்திரம் வந்தது. நிம்மதியாக அம்மாவிடம் சொன்னேன்.

“இல்லப்பா, ஒங்க அக்கா பொறக்கிறதுக்கு முந்தியே நான் பேர் பதிஞ்சிட்டேன்” என்றார்.

அக்கா பிறந்தது 1981 இல். பெட்டியை மறுபடி திறந்தபோது, 17/06/1979 என்று மை மங்கிய செக்ரோல் (தோட்டத்து வேலைப் பதிவேடு) துண்டு அங்கேதான் இருந்தது; டிக்ஷனரியிலும் இருந்தது. நான் திகதிகளை ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துத் தொடராக, எழுதியிருந்ததால், ‘0’ என்பது ‘1’ஐ விடச் சிறியது என்று முதல் எழுத்திலேயே தீர்ப்பாகி, ஆண்டு வரை ஒப்பீடு போகவேயில்லை. பைதானில் திகதிகளைக் கையாளும் டேட்டைம் மொடியூலைக் கொண்டு ஒவ்வொன்றையும் உண்மையான திகதியாக மாற்றியதும் செக்ரோல் துண்டே விடையாக வந்தது. இடையிலிருந்த ஐந்து ஆண்டுகளுக்கு 70 நாட் சம்பளம். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று உழைத்த நாட்கள் அவை. இப்போது ஆண்டை முதலில் வைத்து 1979-06-17 என்றே எழுதிக்கொள்கிறேன். அப்படி எழுதினால் ஸ்ட்ரிங்காக ஒப்பிட்டாலும் வரிசை பிழைக்காது.

ஹப்புத்தளையிலிருந்து மற்றோர் உறுப்பினர்:

நீங்கள் சொன்னபடி மாற்றியும் எனக்குப் பிழைத்தது. அப்பாவின் துண்டில் ஆண்டு இரண்டே இலக்கத்தில், 14/02/62 என்று இருந்தது. பைதான் 69 முதல் 99 வரையுள்ளவற்றை 1900களிலும், 00 முதல் 68 வரையுள்ளவற்றை 2000களிலும் சேர்ப்பதால், அது 2062 ஆகி, மிகப் பழைய திகதியே மிகப் பிந்தியதாகிவிட்டது. இன்றைய திகதியைத் தாண்டியவற்றில் 100 ஆண்டுகளைக் கழித்த பின்னரே அந்தத் துண்டு மேலே வந்தது.