நன்னன் என்று பெயர் வைக்கலாமா?

குழு: நம் வீடு (11 உறுப்பினர்கள்)
குழு விளக்கம்: இங்கே தமிழில், முழு வாக்கியமாக எழுதவும். காலை வணக்கப் படங்கள் வேண்டா. – பெரியப்பா

அண்ணன் (காட்பாடி), காலை 6.48
அனைவருக்கும் வணக்கம். குழந்தை பிறந்து இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது. 21 நாள் கெடுவுக்குள் பிறப்பைப் பதிந்துவிட்டோம். பெயருக்கான இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறோம். அதைப் பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம் என்றாலும், முப்பதாம் நாள் தொட்டிலில் இட்டுப் பெயர் சூட்டுவதாக ஆரணியில் பேசி முடித்திருப்பதால், இப்போதே உங்கள் காதில் போட்டுவிடுகிறேன். அனுஷ நட்சத்திரம் என்பதால் ந, நி, நு, நே ஆகிய எழுத்துகளில் தொடங்க வேண்டும் என்றார்கள். நாங்கள் ‘நன்னன்’ என்று வைக்க எண்ணியிருக்கிறோம்.

அத்தை (வாலாஜா), காலை 7.02
எழுத்துப்பிழை என்று நினைத்து இரண்டு முறை படித்தேன். நவீன், நரேஷ், நிகில் என்று எத்தனையோ பெயர்கள் இருக்க, இது என்ன பெயர்?

நான், காலை 7.05
அத்தை, என் மகன் வகுப்பில் மூன்று தர்ஷன்கள் இருக்கிறார்கள். ஆசிரியை கூப்பிட்டால் மூன்று பேரும் எழுந்து நிற்கிறார்கள். அண்ணன் பிள்ளைக்கு அந்தத் தொல்லையாவது இருக்காது.

அத்தை (வாலாஜா), காலை 7.06
அந்தத் தொல்லை இருக்காது, வேறு தொல்லை வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ‘நன்னாரி சர்பத்’ என்று கூப்பிடுவார்கள்.

ஆரணி மாமா, காலை 7.31
மாப்பிள்ளைக்கு வணக்கம். பெயர் என் காதுக்கு நன்றாகவே இருக்கிறது. ஆயினும், நேற்று மாலை எங்கள் தெருவில் உள்ள ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘பெண்கொலை புரிந்த நன்னன்’ என்று சங்கப் பாட்டிலேயே ஒரு தொடர் இருப்பதாகச் சொன்னார். இரவு முழுவதும் அது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. தவறாக எண்ண வேண்டாம்.

அத்தை (வாலாஜா), காலை 7.33
பெண்கொலையா? அப்படியானால் இந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். குடியாத்தத்து அண்ணன் எங்கே?

பெரியப்பா (குடியாத்தம்), காலை 8.20
நடைக்குப் போய் இப்போதுதான் வந்தேன். சம்பந்தி அவர்களின் நண்பர் சொன்னது உண்மையே. அது குறுந்தொகை 292-ஆம் பாட்டு, பாடியவர் பரணர். நீராடச் சென்ற ஒரு பெண், ஆற்றுநீர் அடித்துக்கொண்டு வந்த பசுங்காய் ஒன்றை எடுத்துத் தின்றாள். அது நன்னனுடைய காவல் மாமரத்துக் காய். அந்தக் குற்றத்துக்கு ஈடாக ஒன்பதிற்று ஒன்பது, அதாவது எண்பத்தொரு களிறுகளையும், அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையையும் கொடுக்க முன்வந்தும் ஏற்காமல், நன்னன் அவளைக் கொன்றான். அந்தக் கொடியவனைப் போல எங்கள் தாயும் மீளாத நரகத்துக்குப் போகட்டும் என்று, காதலனைக் காணவிடாமல் இரவெல்லாம் காவல் காக்கும் தாயைச் சபிக்கிறது பாட்டு. இதில் நம் ஊர்ப் பெருமை ஒன்றும் உண்டு: குறுந்தொகையை முதன்முதலில் பதிப்பித்த சௌரிப்பெருமாள் அரங்கனார் வாணியம்பாடியில் தமிழாசிரியராக இருந்தவர், அந்தப் பதிப்பு 1915-இல் வேலூரில்தான் அச்சேறியது.

ஆனால் அந்த நன்னன் ஏழில்மலையை ஆண்டவன். அது இன்று கேரளத்தில், கண்ணூர்ப் பக்கத்தில், கடலோரமாக இருக்கும் ஏழிமலை. தம்பி தன் பிள்ளைக்கு எடுத்திருப்பது அவன் பெயரை அன்று என்று நினைக்கிறேன். நம்முடைய நன்னன் செங்கத்துக்காரன். 1989-இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரியும் வரை செங்கமும் நாமும் ஒரே மாவட்டம்தானே!

அண்ணன் (காட்பாடி), காலை 8.24
ஆம், பெரியப்பா. செங்கத்து நன்னனைத்தான் சொன்னேன்.

பெரியப்பா (குடியாத்தம்), காலை 8.52
அப்படியானால் விரிவாகவே எழுதுகிறேன். பத்துப்பாட்டில் பத்தாவதாக நிற்கும் மலைபடுகடாம், பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவில் இருந்த நன்னன் சேய் நன்னன் மீது பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிப் பாட்டு. செங்கண்மா என்பதுதான் இன்றைய செங்கம். சேய் என்றால் மகன். அப்பன் பெயரும் நன்னன், பிள்ளை பெயரும் நன்னன். பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு கூத்தன், வறுமையோடு எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்லுவதாக அமைந்தது. வழி என்றால் வெறும் திசையன்று: பன்றிக்கு வைத்த கற்பொறிகள் இருக்கும், ஆகையால் பொழுது விடிந்தபின் நடங்கள், புனங்காப்பவர் எறியும் கவண்கல் பட்டுவிடாமல் மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போங்கள், இன்ன ஊரில் இன்ன உணவு கிடைக்கும் என்று, பெற்ற பிள்ளையை ஊருக்கு அனுப்பும் தாயைப் போல ஒவ்வொன்றாகச் சொல்லுகிறான். நவிரமலை வருகிறது, அதுதான் பருவதமலை என்பார்கள். சேயாறு வருகிறது, அது இன்றும் அதே பெயரில், மழை பெய்தால், ஓடுகிறது. இறுதியில் பாணர் பொற்றாமரை சூட, விறலியர் அணிகலன் பூண, தேரும் யானையும் கொடுத்து அனுப்புகிறான் நன்னன். ‘குன்றுசூழ் இருக்கை நாடு கிழவோனே’ என்று பாட்டு முடிகிறது. இந்தப் பாட்டில் எங்கேயும் அவன் மீது ஒரு பழிச்சொல் கிடையாது.

அத்தை (வாலாஜா), காலை 9.10
நீங்கள் சொன்னால் சரிதான், அண்ணா. ஆனால் இரண்டு பேரும் ஒரே குலமாக இருந்தால்? பெயரோடு பழியும் கூடவே வராதா?

பெரியப்பா (குடியாத்தம்), காலை 9.34
நீ கேட்ட கேள்வி புறநானூற்றிலேயே இருக்கிறது, தங்கச்சி, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 151-ஆம் பாட்டில், இளங்கண்டீரக்கோவும் இளவிச்சிக்கோவும் சேர்ந்து இருந்த இடத்துக்குப் பெருந்தலைச் சாத்தனார் போகிறார். முன்னவனைத் தழுவிக்கொண்டவர் பின்னவனைத் தழுவவில்லை. ஏன் என்றால், அவன் நன்னனின் வழி வந்தவன், பாடுவோர்க்குக் கதவை அடைத்த குடி என்கிறார். ஆக, பழி வழித்தோன்றலையும் விடவில்லை. ஆனால் அது கதவை அடைத்த நன்னனின் குடி. நம் நன்னன் மீதான பாட்டோ, பாடுவோரைக் கையைப் பிடித்து அவன் வாயில் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகிறது.

இன்னொன்று. அக்காலத்தில் இது அரிய பெயரே அன்று. நன்னன் வேண்மான், நன்னன் உதியன் என்றெல்லாம் அகநானூற்றில் வருகிறார்கள். குறுநில வேளிர்க்கு அது பிடித்தமான பெயராக இருந்திருக்கிறது. ‘நல்’ என்பதிலிருந்து வந்ததாகக் கொண்டால் நல்லவன் என்று பொருள், பிடிக்காமல் இருக்குமா?

நான், காலை 9.41
அப்படிப் பரவலாக இருந்த பெயர் பிறகு ஏன் இப்படி அரிதாயிற்று, பெரியப்பா? பாரி, இளங்கோ, செழியன், கபிலன் எல்லாம் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்களே!

பெரியப்பா (குடியாத்தம்), காலை 10.15
என் கணக்கு இது. பத்துப்பாட்டை உ.வே. சாமிநாதையர் அச்சிட்டது 1889-இல். அதற்கு முன்பு ஏட்டுச்சுவடி படித்தவர்களுக்குத்தான் இப்பெயர்கள் தெரிந்திருக்கும். 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, வேதாசலம் என்ற தம் பெயரையே மாற்றிக்கொண்ட பிறகும், நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் ராமையா அன்பழகனாகவும் ஆன திராவிட இயக்கக் காலத்திலும்தான் சங்கப் பெயர்கள் தொட்டிலுக்கு வந்தன. அப்போது மக்கள் எடுத்துக்கொண்டவை பாடப்புத்தகத்தில் படித்த பெயர்கள். கடையெழு வள்ளல்கள் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பேகன், பாரி, காரி, ஆய், அதியன், நள்ளி, ஓரி என்னும் வரிசை சிறுபாணாற்றுப்படையில் இருப்பது. அதில் நன்னன் இல்லை. (வரிசையில் இருந்தும் பேகனும் நள்ளியும் தேறவில்லை என்பது வேறு செய்தி.) வரிசையிலும் இல்லை, போதாக்குறைக்கு இன்னொரு நன்னன் செய்த கொலை வேறு, யார் துணிவார்கள்? முப்பத்து நான்கு ஆண்டுகள் வருகைப்பதிவேடு படித்ததில் எனக்கு ஒரே ஒரு நன்னன்தான் அகப்பட்டான். கணக்கில் கெட்டிக்காரன்.

துணிந்தவர் ஒருவரை உங்களுக்கே தெரியும். புலவர் மா. நன்னன், 2017-இல் மறைந்தார். இயற்பெயர் திருஞானசம்பந்தன்.

அத்தை (வாலாஜா), காலை 10.22
தொலைக்காட்சியில் கரும்பலகை வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தாரே, அவரா? அவரைப் பார்த்துத்தான் என் மாமியார் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். அதற்கு முன்பு கைநாட்டுதான். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

ஆரணி மாமா, காலை 10.30
எனக்கும் அவர் முகம் நினைவுக்கு வருகிறது. இப்போது பெயரைச் சொன்னால் கொலைகாரன் தோன்றவில்லை, வாத்தியார்தான் தோன்றுகிறார்.

அண்ணி, காலை 11.05
எல்லோருக்கும் வணக்கம். குழந்தை இப்போதுதான் தூங்கினான். இந்தப் பெயரை எடுத்தது அவர் அன்று, நான்தான்; திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள். மலைபடுகடாத்தில் நடுகற்களைப் பற்றி ஓர் அடி வரும்: ‘செல்லா நல்லிசைப் பெயரொடு நட்ட கல்’, அதாவது அழியாத நல்ல புகழுடைய பெயரோடு நட்ட கல். செங்கம் பகுதியில் அத்தனை நடுகற்கள் கிடைத்திருப்பதால், இந்த அடி வெறும் கற்பனை அன்று என்று படித்த நாளிலிருந்து அது மனத்தில் நின்றுவிட்டது.

ஆனால் பெரியப்பா மாமா சொன்ன குறுந்தொகைப் பாட்டு என்னை வேறு விதமாகத் தைக்கிறது. கொன்றவன் பெயர் பாட்டில் இருக்கிறது. காயைத் தின்றவள் வெறும் ‘ஒண்ணுதல் அரிவை’தான், அவளுக்குப் பெயரே இல்லை. என் மகன் பெரியவனாகி, தன் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், செங்கத்து நன்னனைச் சொல்லும்போதே அவளைப் பற்றியும் சொல்லத்தான் போகிறேன்.

பெரியப்பா (குடியாத்தம்), காலை 11.12
பாட்டில்தான் அவளுக்குப் பெயர் இல்லை, மருமகளே. பொள்ளாச்சிக்கு அருகே ஆனைமலையில் படுத்த கோலத்தில் இருக்கும் மாசாணியம்மனை அந்தப் பெண்ணாகவே சொல்லும் கதை மக்களிடம் உண்டு.

அத்தை (வாலாஜா), காலை 11.20
மாசாணியம்மனா? போன ஆடியில் அங்கே போய் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வந்தவள் நான்! சரி, பெயரை வையுங்கள். நான் இன்றே மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து அவள் பெயரைச் சொல்லிப் பூசையறையில் வைத்துவிடுகிறேன். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

நான், காலை 11.26
ஒரு சிறு ஐயம். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? நான்கு ‘என்’, இரண்டு ‘ஏ’ என்று எழுதினால், பின்னிருந்து படித்தாலும் அதே பெயர் வருகிறது.

பெரியப்பா (குடியாத்தம்), காலை 11.40
ஆங்கிலத்தில் அது மாலைமாற்று, தமிழில் அன்று. தமிழில் முதலில் நிற்பது ந, பின்னால் வருபவை ன. சொல்லுக்கு முதலில் ன வராது. ஆங்கிலத்தில் எழுதிப் பழகிவிட்டால் இந்த வேறுபாடு பிள்ளையின் காதுக்கே தெரியாமல் போய்விடும். தொட்டிலில் இட்டு மூன்று முறை காதில் பெயர் சொல்லப்போகும் அத்தை நீதானே? ந-வுக்கு நாக்கு நுனி மேற்பல்லின் அடியைத் தொட வேண்டும். ன-வுக்குச் சற்று மேலே ஏறி அண்ணத்தைத் தொட வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துச் சொல்லாதே.

நான், காலை 11.43
சமையலறையில் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பெரியப்பா. என் மகன், யாரைக் கூப்பிடுகிறாய் என்று கேட்கிறான்.