மைதான விரிவாக்க அனுமதி: அக்கம்பக்கத்தாரிடம் எப்போது பேசுவது?

மைதானப்பிரியன்:
எங்கள் கிளப் மைதானத்தில் ராட்சத விளக்குக் கம்பங்களும் புது கேலரியும் வரப்போகின்றன. திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வரைபடம் எல்லாம் முடித்துவிட்டு, குடியிருப்போரை ஒரு மண்டபத்தில் கூட்டி விளக்கினால் போதும் என்கிறார் செயலாளர். எனக்கு மனசு ஒப்பவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வரைமேசை:
நீங்கள் நினைப்பதுதான் சரி சார். மைதானத் திட்டங்களுக்காகக் குடியிருப்போரிடம் பேசுவதுதான் பல வருஷமாக என் வேலை. வரைபடம் முடிந்தபின் கூப்பிட்டால், ஒப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வந்தவர்களுக்கு உட்கார்ந்த உடனேயே தெரிந்துவிடும். அதற்கப்புறம் நீங்கள் என்ன சொன்னாலும் எடுபடாது. இங்கிலாந்தில் 1985இல் ஒரு பள்ளி மூடல் வழக்கில் ஏற்கப்பட்ட நான்கு அளவுகோல்களை அங்கே நீதிமன்றங்கள் இன்றும் பார்க்கின்றன. திட்டம் உருவாகும்போதே கேட்க வேண்டும், யோசித்துப் பதில் சொல்லத் தேவையான விவரம் தர வேண்டும், போதிய அவகாசம் தர வேண்டும், வந்த கருத்தை மனசு வைத்துப் பரிசீலிக்க வேண்டும். உங்கள் செயலாளரின் யோசனை முதல் அளவுகோலிலேயே அடிபடுகிறது.

மேடை போட்டு மைக் வைத்தால் குரல் உள்ள நாலு பேர்தான் பேசுவார்கள். மதில் சுவரை ஒட்டி இருப்பவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டுக்கு நீங்கள் போங்கள். ஒரு திட்டத்தில், கம்பம் வரவேண்டிய இடத்தில் அதே உயரத்துக்குச் சிவப்புப் பலூன் ஒன்றைக் கயிறு கட்டிப் பறக்கவிட்டோம். பின்தெரு அம்மா ஒருவர் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, "கம்பம் இருந்துட்டுப் போகட்டும் தம்பி, லைட்டு எந்தப் பக்கம் பார்த்து இருக்கும்?" என்றார். வரைபடத்தைப் பார்த்த யாரும் அதைக் கேட்கவில்லை. விளக்குகளைக் கீழ்நோக்கிச் சாய்த்து, பின்பக்கம் மறைப்புத் தகடு வைத்தது அவர் கேட்டதால்தான்.

அனுமதி கிடைத்தால் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். லண்டனில் செல்சி கால்பந்து கிளப்பின் 60,000 இருக்கை அரங்கத்துக்கு 2017இல் அனுமதி கிடைத்தது. வீட்டுக்கு வெளிச்சம் மறையும் என்று பக்கத்துக் குடும்பம் ஒன்று நீதிமன்றம் போனது. 2018 ஜனவரியில் உள்ளாட்சி மன்றமே தலையிட்டு வழி செய்ய வேண்டியதாயிற்று. (அந்த மே மாதம் முதலீட்டுச் சூழல் சரியில்லை என்று கிளப் திட்டத்தையே நிறுத்திவைத்தது. அது வேறு விஷயம்.)

மூன்றாம் மாடி:
நான் மைதானத்துக்கு எதிர்வீட்டுக்காரி. ஆட்டம் நடக்கும்போது வரும் சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வோம். ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும் நேரமும், வாசலை அடைத்து நிற்கும் வண்டிகளும்தான் தாங்க முடியவில்லை. புகாருக்கு என்று ஒரு நம்பர் கொடுத்தார்கள். ஆட்டம் நடக்கும் ராத்திரிகளில் அதை யாரும் எடுப்பதே இல்லை. என் மாமியாருக்கு மூச்சுத்திணறல் உண்டு, ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

மைதானப்பிரியன்:
நன்றி அக்கா, ஆம்புலன்ஸ் வழியை நாங்கள் யோசிக்கவே இல்லை. வரைமேசை சார், எவ்வளவு பேசினாலும் எதிர்க்கிறவர்கள் எதிர்க்கத்தானே செய்வார்கள்?

வரைமேசை:
எதிர்க்கட்டும் சார், அது அவர்கள் உரிமை. எல்லோரையும் சம்மதிக்க வைப்பது உங்கள் வேலை இல்லை. யார் என்ன சொன்னார்கள், அதனால் எதை மாற்றினீர்கள், எதை ஏன் மாற்ற முடியவில்லை என்று எழுதி, அதே தெருக்களுக்குத் திரும்பப் போய்க் காட்டுங்கள். முடியாததை முடியாது என்று நேரில் சொல்லுங்கள். கோபப்படுவார்கள், ஆனால் ஏமாற்றிவிட்டான் என்று சொல்ல மாட்டார்கள்.

விளக்கு அணைக்கும் நேரம், வருஷத்துக்கு எத்தனை ராத்திரி ஆட்டம், ஒலிபெருக்கியின் திசையும் அளவும் எல்லாம் வாய்வாக்காக இருக்கக் கூடாது. அனுமதியின் நிபந்தனையாகவே சேர்க்கச் சொல்லி விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். சத்தத்தில் கவனம். 10 டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும், தாளில் அது சின்ன எண்ணாகத்தான் தெரியும்.

மூன்றாம் மாடி சொன்ன அந்த நம்பருக்கு இப்போதே ஆள் போடுங்கள். ஆட்டம் நடக்கும் ராத்திரி மைதானத்திலேயே நிற்பவராக, வண்டியை நகர்த்தச் சொல்லும் அதிகாரம் உள்ளவராக இருக்கட்டும்.