விண்ட் ஷியர்: ‘காற்றுமுரண்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

உயரத்துக்கு உயரமோ இடத்துக்கு இடமோ காற்றின் திசையும் வேகமும் மாறுபடுவதை ஆங்கிலத்தில் ‘விண்ட் ஷியர்’ (wind shear) என்கிறார்கள். இதற்குத் தமிழில் ‘காற்று வெட்டு’ போதும் என்று முந்தைய மடலில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். இயந்திரவியலில் ‘ஷியர்’ விசைக்கு ‘வெட்டுவிசை’ என்ற சொல் இருப்பதால் அதிலிருந்து எடுத்திருக்கிறார், சரி. ஆனால் புயலைப் பற்றிப் படிப்பவருக்கு எதை எது வெட்டுகிறது என்று புரியாதே! சிலர் எழுதும் ‘காற்று முறிவு’ம் ஒட்டவில்லை. முறிவது புயல்தான்.

புயலில் நடப்பதைப் பார்ப்போம். மையத்தைச் சுற்றி எழும் ஈரக்காற்று மேகமாகும்போது வெப்பத்தை விடுகிறது. அந்தச் சூடான தூண் நெட்டுக்குத்தாக நின்றால்தான் கடல்மட்டத்தில் காற்றழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். சுமார் 1.5 கி.மீ. உயரத்தில் ஒரு விதமாகவும் 12 கி.மீ. உயரத்தில் வேறு விதமாகவும் காற்று அடித்தால் தூண் சாயும், வறண்ட காற்று உள்ளே புகும். செயற்கைக்கோள் படத்தில் இடிமேகமெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடக்க, கீழ்ச்சுழல் மட்டும் மொட்டையாகத் தெரிகிறதே, அது பெரும்பாலும் இதனால்தான். இந்த வேறுபாடு நொடிக்கு 10 மீட்டருக்குள் இருந்தால் புயல் வளரத் தோது. அதற்குமேல் கூடக்கூடத் திணறும்.

ஜூலை, ஆகஸ்டில் வங்கக்கடல் நல்ல சூட்டில் இருந்தும் பெரும்புயல் அரிது. கீழே தென்மேற்குப் பருவக்காற்று, மேலே கிழக்கிலிருந்து ஜெட் என்னும் அதிவேகக் காற்றோட்டம்; அதனால் வேறுபாடு மிகுதி. எல் நினோ ஆண்டுகளில் (பசிபிக் கடலின் நடுவிலும் கிழக்கிலும் நிலநடுக்கோட்டையொட்டி நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டுகள்) அட்லாண்டிக்கில் ஹரிக்கேன் எனப்படும் கடும்புயல்கள் பொதுவாகக் குறைவதற்கும் இதுவே முக்கியக் காரணம்: அங்கே கீழே கிழக்கிலிருந்து வணிகக்காற்று, மேலே மேற்குக்காற்று வலுக்கிறது.

அதனால்தான் ‘காற்றுமுரண்’ என்கிறேன். திசை ஒன்றாகி வேகம் மட்டும் மாறினாலும் ஷியர்தானே, அது முரணா என்று கேட்பீர்கள். ‘முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார்’ என்றால் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றுதானே கொள்கிறோம்? இங்கும் அந்தப் பொருள்தான்.

செங்குத்துக் காற்றுமுரண், கிடைமட்டக் காற்றுமுரண் என்று எளிதாக விரியும். விமானம் இறங்கும்போது ஆபத்தாகும் வகையைத் ‘தாழ்மட்டக் காற்றுமுரண்’ எனலாம். ‘காற்றுமுரண் தணிந்ததால் புயல் வலுத்தது’ என்று செய்தியிலும் இடறாமல் வாசிக்கலாம்.

இயந்திரவியலில் ‘வெட்டு’ அப்படியே இருக்கட்டும். ஷியர் என்று வரும் இடமெல்லாம் ஒரே தமிழ்ச்சொல் வேண்டும் என்ற பிடிவாதம் இங்கே உதவாது. பாய்மவியல் (நீர்மம், வாயு ஆகியவற்றின் ஓட்டத்தை ஆராயும் துறை) படித்தவர்கள் இதை ஏற்பார்களா? குழுவில் அத்துறையினர் சொல்லுங்கள், அப்புறம் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்ப்போம்.