சீசனில் ராத்திரி 9 மணிக்கு சைட் படுத்துவிடுகிறது, பில் ஆறு மடங்கு – அவசரம்

கோத்தகிரி_தங்கல் | மே 8, இரவு 9.52

வணக்கம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருக்கிற ஹோம்ஸ்டே வீடுகளுக்குப் பொதுவாக ஒரு புக்கிங் சைட் நடத்துகிறேன். பத்து நாளாக ராத்திரி 9 மணி ஆனால் சைட் படுத்துவிடுகிறது. கூட்டத்துக்கு ஏற்ப சர்வரைத் தானாகக் கூட்டுகிற ஆட்டோஸ்கேலிங் போட்டிருக்கிறேன். சர்வர் எண்ணிக்கை ஏறுகிறது, ஏற ஏற இன்னும் மோசமாகிறது. போதாததற்கு ஏப்ரல் பில் 38,400 ரூபாய் வந்திருக்கிறது. மார்ச்சில் 6,200தான். மலர்க் கண்காட்சி வேறு வரப்போகிறது. வீட்டுக்காரர்கள் ஃபோன் மேல் ஃபோன் போடுகிறார்கள். யாராவது சீக்கிரம் வழி சொல்லுங்கள்.

லவ்டேல்_ஜங்ஷன் | இரவு 10.04

எந்த கிளவுட்? சைட் எதில் எழுதியது? டேட்டாபேஸ் என்ன? படுத்துவிடுகிறது என்றால் சர்வர் பதில் தரவில்லை என்ற 502 பிழை வருகிறதா, இல்லை சுற்றிக்கொண்டே இருக்கிறதா? இது எதுவும் இல்லாமல் என்ன சொல்வது?

பவானி_கரை | இரவு 10.11

இது பாட் வேலை, அதாவது ஆளில்லாமல் தானாகப் பக்கம் திறக்கிற புரோகிராம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சீசன் வந்தால் அறை வாடகையைத் திருடிப் பார்க்க வேறு சைட்காரர்கள் பாட் விடுவார்கள். போதாததற்கு இப்போது ஏஐ கம்பெனிகளின் கிராலர்களும் ஒரு பக்கம் விடாமல் மேய்கின்றன. வந்தது எந்த புரோகிராம் என்று லாக்கில் யூசர் ஏஜென்ட் பாருங்கள். முதலில் ஒருவர் இத்தனை முறைதான் திறக்கலாம் என்று ரேட் லிமிட் போடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

மூத்த_நிர்வாகி | இரவு 10.30

தம்பி, இந்த இடத்தில் இருபது வருஷமாகப் பதில் எழுதுகிறேன். வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். நாற்பது ஐம்பது வீடுகளுக்கு ஒரு புக்கிங் சைட். இதற்கு எதற்கு கிளவுட், எதற்கு ஆட்டோஸ்கேலிங்? அடிப்படை தெரியாமல் வீடியோ பார்த்துக் கட்டினால் இப்படித்தான் ஆகும். மாத வாடகைக்கு ஒரு விபிஎஸ் (பெரிய சர்வரில் ஒரு பங்கு) எடுங்கள், என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரைப் போடுங்கள், முடிந்தது. நான்கு ஜிபி ரேம் தாராளம்.

கோத்தகிரி_தங்கல் | இரவு 10.41

மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். கிளவுட் பெயரைப் பொதுவில் சொல்ல விரும்பவில்லை, பெரிய மூன்றில் ஒன்று, மும்பை ரீஜன். எழுதியது நோட்ஜேஎஸ், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். 46 வீடுகள், 130 அறைகள். முதலில் சுற்றுகிறது, அப்புறம் 502.

லவ்டேல்_ஜங்ஷன் | இரவு 10.46

டேட்டாபேஸ் லாக்கில் என்ன இருக்கிறது? ஆட்டோஸ்கேலிங் எதிலிருந்து எது வரை? பில்லில் எந்த வரி ஏறியது? மொத்தத் தொகையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

குன்னூர்_சிறுவிவசாயி | இரவு 10.50

சர்வர்லெஸ்ஸுக்கு மாறிவிடுங்கள் நண்பரே, கோட் ஓடுகிற நேரத்துக்கு மட்டும்தான் காசு. கூட்டம் இல்லாத ஜூலையில் பைசா செலவில்லை, மே மாதம் தானாக விரியும். எங்கள் தேயிலைக் குழுவுக்கு இலை எடை கணக்கு அப்படித்தான் ஓடுகிறது.

வட்டக்கானல்_மூடுபனி | இரவு 11.15

நான் இருப்பது கொடைக்கானல் பக்கம். எங்களுக்கும் இதே சீசன், இதே ராத்திரி 9 மணி. சாப்பிட்டுவிட்டுக் குடும்பமாக உட்கார்ந்து ஃபோனில் அறை பார்க்கிற நேரம் அது. அதனால் நேரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், கூட்டம் நிஜமானதுதான்.

"சர்வர் ஏற ஏற மோசமாகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது. சர்வர் கூடும்போது நிலைமை மோசமானால், நெரிசல் சர்வரில் இல்லை, அதற்குப் பின்னால் பங்கு போட முடியாத ஏதோ ஒன்றில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் எட்டு வரிசையாக வண்டியை நிறுத்தினாலும் பர்லியாரில் ஏறுவதற்கு ஒரே ரோடுதானே?

மூன்று விஷயம் சொல்லுங்கள். நோட்ஜேஎஸ் பக்கம் கனெக்ஷன் பூல் (ஒரு ப்ராசஸ் டேட்டாபேஸுக்குத் திறந்து வைக்கிற இணைப்புகள்) எவ்வளவு வைத்திருக்கிறீர்கள், ஒரு மெஷினில் எத்தனை ப்ராசஸ் ஓடுகிறது, போஸ்ட்கிரெஸ் ஒரே நேரத்தில் ஏற்கிற மேக்ஸ் கனெக்ஷன்ஸ் எவ்வளவு.

கோத்தகிரி_தங்கல் | இரவு 11.32

பூல் 20. மெஷினுக்கு 2 ப்ராசஸ். ஆட்டோஸ்கேலிங் 2 முதல் 8 வரை. மேக்ஸ் கனெக்ஷன்ஸ் நான் தொடவில்லை, 100 என்று இருக்கிறது. லாக்கில் "ஸாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி" என்று நிறைய வருகிறது. அது பாட் இல்லையா?

வட்டக்கானல்_மூடுபனி | இரவு 11.50

பாட் இல்லை தம்பி. உங்கள் சொந்த சர்வர்கள்தான் அந்த கிளையன்ட்கள்.

இரண்டு மெஷின், மெஷினுக்கு இரண்டு ப்ராசஸ், ப்ராசஸுக்கு 20. மொத்தம் 80. நூறில் மூன்று கனெக்ஷன் நிர்வாகிக்கு ஒதுக்கியது போனாலும் 97 இருக்கிறது, ஓடிவிடும். மார்ச் வரை ஓடியதும் அதனால்தான். மூன்றாவது மெஷின் வந்த நிமிடமே தேவை 120 ஆகிறது. எட்டு மெஷினில் 320. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் தனி ப்ராசஸ் திறக்கும், அதற்குத் தனியாக மெமரி வேண்டும். நூறை ஐந்நூறு ஆக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சின்ன டேட்டாபேஸ் மெஷின் அதைத் தாங்காது.

இன்னொன்றும் சந்தேகிக்கிறேன். வருகிறவர்களை மெஷின்களுக்குப் பிரித்து அனுப்புகிற லோட் பேலன்சர், மெஷின் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஹெல்த் செக்கில் டேட்டாபேஸைத் தொட்டுப் பார்க்கிறதா? அப்படியென்றால் கனெக்ஷன் கிடைக்காத மெஷினை அது செத்ததாக எடுத்துக்கொள்ளும். ஆட்டோஸ்கேலிங் அதைக் கொன்றுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கிளப்பும். புதியது எழுந்ததும் மறுபடி கனெக்ஷனுக்குக் கை நீட்டும். இப்படி ராத்திரி முழுக்கச் சுற்றும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: ஆட்டோஸ்கேலிங்கின் உச்சத்தை 2-இல் பூட்டுங்கள். பூலை 5 ஆக்குங்கள். பூல் 5 என்றால் எட்டு மெஷின் வந்தாலும் 80தான். ஹெல்த் செக்கை டேட்டாபேஸிலிருந்து பிரித்துவிடுங்கள். கனெக்ஷன்களை நடுவில் நின்று பங்கு போடுகிற பிஜிபவுன்சர் நல்லதுதான், ஆனால் சீசன் நடுவில் புதுப் பொருளைச் சேர்க்காதீர்கள், ஜூலையில் பார்த்துக்கொள்ளலாம்.

சர்வர்லெஸ் சொன்ன நண்பருக்கு ஒரு வார்த்தை. உங்கள் இலைக் கணக்குக்கு அது பொருந்தும். இங்கே ஃபங்ஷன் நூறாக விரிந்தால் நூறும் இதே போஸ்ட்கிரெஸ்ஸின் கதவைத்தான் தட்டும்.

குன்னூர்_சிறுவிவசாயி | மே 9, காலை 6.20

அது சரிதான் அக்கா. எங்களுக்கு டேட்டாபேஸும் அந்த மாதிரி விரிகிற வகை. சொல்லாமல் விட்டது என் தப்பு.

மூத்த_நிர்வாகி | காலை 7.05

இவ்வளவு நீளமாக எழுதியும் கடைசியில் "இரண்டு மெஷின் போதும்" என்றுதானே வருகிறது. அதை நான் நேற்றே சொன்னேன். கிளவுட் என்பது வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர், அவ்வளவுதான். 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் கம்பெனி 2022-இல் அறிவித்துவிட்டு 2023-இல் கிளவுட்டை விட்டு வெளியே வந்தது. அவர்களுக்குத் தெரியாததா?

லவ்டேல்_ஜங்ஷன் | காலை 7.40

சார், அவர்கள் வெளியே வந்தது டேட்டா சென்டரில் சொந்தமாக சர்வர் வாங்கி வைத்து. அதைப் பார்த்துக்கொள்ள ஏற்கெனவே ஆள் வைத்திருந்தார்கள், சுமையும் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு. இவருக்கு ஏப்ரல், மே தலைதெறிக்க ஓடும், அப்புறம் செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசன். நடுவில் காற்றாடும். ஏற்ற இறக்கம் இருக்கிறவனுக்குத்தான் கிளவுட் லாபம்.

கெத்தை_காற்று | காலை 8.15

சொந்த சர்வரை வீட்டில் வைக்கலாமா என்று நானும் ஒரு காலத்தில் யோசித்தேன். கோத்தகிரியில் ஒரு சில்வர் ஓக் விழுந்தால் கரண்ட் அரை நாள் வராது. ரோடு சரிந்தால் ஃபைபரும் கூடவே போகும். 2009 நவம்பர் மழையைப் பார்த்தவர்கள் யாரும் மலையில் சர்வர் வைக்கச் சொல்ல மாட்டார்கள்.

மூத்த_நிர்வாகி | காலை 8.22

வீட்டில் வைக்க நான் எப்போது சொன்னேன்? விபிஎஸ் என்று எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

பவானி_கரை | காலை 9.10

எனக்கு ஒன்று புரியவில்லை. ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று 2025-இல் ஐகோர்ட்டே உச்சவரம்பு வைத்தது. அறை 130. ஆளே அளவாக வரும்போது சைட் எதற்காக விரிய வேண்டும்?

குன்னூர்_சிறுவிவசாயி | காலை 9.34

அந்த உச்சவரம்பே தப்பு. மலைக்கு வரும் வண்டிகளுக்கு முன்கூட்டியே எடுக்க வேண்டிய இ-பாஸ் 2024 மே 7-இல் வந்தபோது எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். வண்டி ஓட்டுபவர், வீடு வாடகைக்கு விடுபவர், வர்க்கி சுடுபவர் எல்லோரும் அந்த மூன்று மாதத்தை நம்பித்தான் இருக்கிறார்கள்.

கெத்தை_காற்று | காலை 9.50

ஞாயிற்றுக்கிழமை குஞ்சப்பனை செக்போஸ்ட்டிலிருந்து ஆம்புலன்ஸ் நகர முடியாமல் நின்றதையும் நான் பார்த்திருக்கிறேன். மலைக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. வரம்பு வேண்டும்.

குன்னூர்_சிறுவிவசாயி | காலை 9.58

பஸ்ஸைக் கூட்டட்டும், வண்டியைக் குறைக்கட்டும். அதைச் செய்யாமல் வரம்பு மட்டும் போட்டால் அடி வாங்குவது நாங்கள்தான்.

லவ்டேல்_ஜங்ஷன் | காலை 10.05

இ-பாஸ் விவாதத்துக்குத் தனி இழை திறங்கள், தயவுசெய்து.

வட்டக்கானல்_மூடுபனி | காலை 10.40

பவானி_கரை கேட்டது நல்ல கேள்வி, அதை விடக்கூடாது. வருகிறவர்களுக்கு வரம்பு உண்டு. பார்க்கிறவர்களுக்கு இல்லை. ஒரு அறையை ஒருவர் எடுப்பதற்குள் நூறு பேர் படம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 130 அறைக்கு ஒரு நாளைக்கு எழுபது புக்கிங் வந்தாலே அதிகம். அந்த எழுபதை எழுத போஸ்ட்கிரெஸ் மூச்சுகூட வாங்காது. பளுவெல்லாம் பார்க்கிற பக்கத்தில் இருக்கிறது. பில்லும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். தம்பி, படங்கள் எப்படிப் போகின்றன?

கோத்தகிரி_தங்கல் | பகல் 1.17

வீட்டுக்காரர்கள் ஃபோனில் எடுத்து அனுப்புகிற படத்தை அப்படியே கிளவுட்டின் ஃபைல் கிடங்கான ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் வைக்கிறேன். ஒன்று 5 எம்பி வரும். லிங்க்கை வேறு சைட்காரர்கள் திருடக்கூடாது என்பதற்காக ஆப் சர்வர் வழியாக எடுத்துக் கொடுக்கிறேன். முதல் பக்கத்தில் 12 வீடு. அந்தப் பக்கத்தை ஒரு நாளைக்கு ஆயிரம் முறையாவது திறக்கிறார்கள். பில்லில் டேட்டா டிரான்ஸ்ஃபர், நாட் கேட்வே என்று இரண்டு வரி பெரிதாக இருக்கிறது.

வட்டக்கானல்_மூடுபனி | பகல் 2.05

அப்படியென்றால் கணக்குப் போடுவோம். 12 படம், 5 எம்பி, ஒரு தரம் திறந்தால் 60 எம்பி. ஆயிரம் தரம் என்றால் 60 ஜிபி. மாதத்துக்கு 1,800 ஜிபி. உங்கள் கிளவுட் எது என்று தெரியாததால் அமேசான் மும்பை விலையை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். வெளியே போகிற டேட்டாவுக்கு ஜிபிக்குச் சுமார் 11 சென்ட், மாதத்தில் முதல் 100 ஜிபி இலவசம். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 16,000 ரூபாய்.

அது வாசல் கட்டணம் மட்டும். ஆப் சர்வர் வெளியிலிருந்து நேரே தொட முடியாத பிரைவேட் சப்நெட்டில் இருந்து, வெளியே போகிற பாதையான நாட் கேட்வே வழியாக ஸ்டோரேஜுக்குப் போய்ப் படத்தை எடுத்துவருகிறது, இல்லையா? அந்த வழியில் ஒவ்வொரு ஜிபிக்கும் தனியாக 5.6 சென்ட். 8,500 ரூபாய் அங்கே. ஒரே கிளவுட்டுக்குள், ஒரு அறையிலிருந்து பக்கத்து அறைக்குப் போவதற்கு இந்தப் பணம். உங்கள் பழைய செலவு ஐயாயிரத்துச் சொச்சம், கூடுதல் மெஷின்கள், 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்தால் 38,000 பக்கம் வந்துவிடும்.

வேதனை என்னவென்றால், இதில் ஒரு ரூபாய்கூட அறை விற்றதற்கான செலவு இல்லை.

படத்தை ஏற்றும்போதே 1,200 பிக்சலுக்குச் சுருக்கி வெப்பி என்ற சின்ன அளவுப் பட வடிவத்துக்கு மாற்றுங்கள். 150 கேபி போதும், மலையும் தெரியும் கட்டிலும் தெரியும். பக்கத்துக்கு 1.8 எம்பி, மாதத்துக்கு 54 ஜிபி. அமேசான் கணக்குப்படி அது இலவச அளவுக்குள்ளேயே அடங்கிவிடும். முன்னால் ஒரு சிடிஎன் (படங்களின் நகலைப் பார்ப்பவர்களுக்குப் பக்கத்திலிருந்து கொடுக்கிற சேவை) வையுங்கள். நெட்ஃபிளிக்ஸ்கூடத் தன் ஆப்பை அமேசானில் ஓட்டினாலும் வீடியோவை அங்கிருந்து அனுப்புவதில்லை. 2012 முதல் சொந்தப் பெட்டிகளை இன்டர்நெட் கம்பெனிகளுக்குள்ளேயே வைத்து அனுப்புகிறது. ஸ்டோரேஜுக்கு நேர்வழி இருக்கிறதா என்றும் உங்கள் கிளவுட்டில் பாருங்கள். அமேசானில் கேட்வே எண்ட்பாயிண்ட் என்று பெயர், காசு கிடையாது.

அப்புறம் பட்ஜெட் அலர்ட் போடுங்கள். ஆனால் அது மெயில் மட்டுமே அனுப்பும், செலவை நிறுத்தாது. அந்த மெயிலும் சில மணி நேரம் தள்ளித்தான் வரும்.

மூத்த_நிர்வாகி | பகல் 2.50

நாட் கேட்வே கணக்கு சரி. அது எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 54 ஜிபிக்கு விபிஎஸ் போதும் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

பவானி_கரை | மாலை 4.30

லாக்கில் பாட் பார்த்தீர்களா இல்லையா? அதையும் சொல்லுங்கள்.

லவ்டேல்_ஜங்ஷன் | மே 10, காலை 8.00

என்ன ஆயிற்று? சனிக்கிழமை ராத்திரி தாங்குமா என்று தெரிய ஆசை.

கோத்தகிரி_தங்கல் | மே 13, இரவு 11.06

மன்னிக்கவும், வீடு வீடாகப் போய்ப் படம் மாற்றிக்கொண்டிருந்தேன். பூல் 5, மெஷின் 2, ஹெல்த் செக் பிரித்தாச்சு. சனி, ஞாயிறு இரண்டு ராத்திரியும் தாங்கியது. 19 வீட்டுப் படம் சுருக்கியாச்சு, மீதி கண்காட்சி முடிந்ததும். பாட் இருந்தது அண்ணா, பத்தில் ஒன்று இருக்கும், ரேட் லிமிட் போட்டுவிட்டேன். ரொம்ப நன்றி அக்கா.

வட்டக்கானல்_மூடுபனி | மே 14, காலை 6.45

சந்தோஷம். நாட் கேட்வே வரி குறைந்ததா? மீதி 27 வீட்டுப் படமும் இன்னும் அதே வழியில்தானே போய்க்கொண்டிருக்கும்? நேர்வழியைக் கண்காட்சிக்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள், அரை மணி நேர வேலைதான்.

லவ்டேல்_ஜங்ஷன் | மே 29, இரவு 9.15

தங்கல், மே பில் எவ்வளவு வரும் போலிருக்கிறது?