பள்ளி மேலாண்மைக் குழு, நாகை: 2026-27 தேர்வுத் தேதி பேச்சு

கணக்கு சார், மாலை 6:42
9, 10 வகுப்புக்கு அலகுத் தேர்வு ஆகஸ்ட் 25, 26, 27 போடலாம்னு இருக்கேன். 26 மட்டும் மீலாது நபி லீவு. அதைத் தாண்டி 28 வரை போயிடலாம். யாருக்காவது சிரமம் இருக்கா?

ஆயிஷா அத்தா 9பி, 6:50
சார், 26ங்கிறது அரசுப் பட்டியல்ல இருக்கிற தேதி. பிறை பார்த்து தலைமைக் காஜி அறிவிச்சாதான் உறுதி. 2024ல செப்டம்பர் 16ன்னு போட்டிருந்ததை 17க்கு மாத்துனாங்க. மாறுனா உங்க 25 இல்லன்னா 27 அடிபடும்.

கணக்கு சார், 6:53
அப்ப 26ஐ மட்டும் விட்டா போதாதா பாய்?

ஆயிஷா அத்தா 9பி, 6:57
போதாது. முன்னாடி ஒரு நாள், பின்னாடி ஒரு நாள் சேர்த்து விடணும். இன்னொண்ணு, எங்களுக்கு மஃரிபோட, அதாவது பொழுது சாயுற தொழுகையோட, நாள் மாறிடும். 26 லீவுன்னா 25 ராத்திரியே மவுலூது, அதாவது நபி புகழ்ப்பா, ஓதுவாங்க. 25 அன்னைக்குப் பகல்ல பாடம் நடத்துங்க, பிள்ளைங்க வருவாங்க. 27 காலையில பரீட்சை வச்சா முதல் நாள் படிச்சிருக்க மாட்டாங்க.

எச்.எம். மேடம், 7:05
சரியான பேச்சு. அலகுத் தேர்வு ஆகஸ்ட் 18, 19, 20. பிறை எப்படி வந்தாலும் அதைத் தொடாது. காலாண்டுத் தேர்வு அட்டவணை மேலேர்ந்து வரும், நாம தொட முடியாது. நம்ம கையில இருக்கிறது அலகுத் தேர்வு, செய்முறை வகுப்பு, பெற்றோர் கூட்டம், விளையாட்டு விழா. அதுலயாவது தப்பு பண்ணாம இருப்போம்.

ஜெனிபர் அம்மா 8ஏ, 7:11
மேடம், வேளாங்கண்ணி கொடியேற்றம் ஆகஸ்ட் 29 சனிக்கிழமை, அதுல பிரச்சினை இல்ல. பெரிய தேர் செப்டம்பர் 7 திங்கள் சாயங்காலம், திருவிழா 8 செவ்வாய். 7ஆம் தேதி மாலை வகுப்பு வைக்காதீங்க. நடந்து வர்ற கூட்டத்துல கிழக்குக் கடற்கரைச் சாலை அடைச்சிடும். பஸ் பிள்ளைங்க எந்த மதமா இருந்தாலும் வீட்டுக்குப் போக ராத்திரி ஆயிடும்.

எச்.எம். மேடம், 7:14
7 அன்னைக்கு சிறப்பு வகுப்பு கிடையாது. உள்ளூர் விடுமுறை எந்த நாள்னு கலெக்டர் ஆணை வந்ததும் இங்க போடுறேன். வாட்ஸ்அப்ல சுத்துற படத்தை நம்பி யாரும் பிள்ளையை நிறுத்தாதீங்க.

கார்த்தி அப்பா 11, 7:20
உள்ளூர் விடுமுறை விட்டா ஒரு சனிக்கிழமை ஈடு செய்யணுமே. அது புரட்டாசி சனியில விழுந்தா பெருமாள் கும்பிடுற வீட்டுப் பிள்ளைங்க பாதி வராது. செப்டம்பர் 19, 26 ரெண்டும் புரட்டாசி சனி.

எச்.எம். மேடம், 7:26
ஈடுசெய்யும் நாளும் ஆணையிலேயே இருக்கும், நாம மாத்த முடியாது. ஆனா அந்தச் சனிக்கு எந்தக் கிழமை பாடவேளைங்கிறது நம்ம முடிவு. புதுப் பாடம் தொடங்காம திருப்புதல் வச்சுக்கலாம். 6 முதல் 8 வரை வருஷத்துக்கு 220 நாள், ஆயிரம் மணி நேரம்னு கல்வி உரிமைச் சட்டமே சொல்லுது. நாளைக் குறைக்க முடியாது, நாளுக்குள்ள என்ன நடக்குதுங்கிறதை மாத்தலாம்.

ஆயிஷா அத்தா 9பி, 7:31
அதே கணக்குல வெள்ளிக்கிழமையையும் பாருங்க மேடம். ஜும்மாவுக்குப் போற பசங்க திரும்பி வர 2 மணி ஆகுது. சாப்பாட்டுக்கு அப்புறம் முதல் பாடவேளை 9பிக்கு கணக்கு. வாரம் ஒண்ணுன்னாலும் வருஷத்துக்கு 35, 40 வகுப்பு போகுது. அவன் கணக்குல பின்தங்கினா அவன் மேல குறை சொல்றோம், தப்பு அட்டவணையில இருக்கு.

கணக்கு சார், 7:33
ஒத்துக்கிறேன். அந்த இடத்துக்கு ஓவியமோ நூலகமோ வரட்டும். என்னோடதை திங்கள் இரண்டாவது பாடவேளைக்கு மாத்துங்க மேடம்.

வேதியியல் டீச்சர், 7:40
நவம்பர் பத்தியும் சொல்லிடுறேன். தீபாவளி 8 ஞாயிறு, சூரசம்ஹாரம் 15 ஞாயிறு, அதனால சிக்கல் ஊர் முருகன் கோயில் கூட்டம் பள்ளியைத் தொடாது. நாகூர் தர்கா கந்தூரி விழாவுக்குக் கொடி இரண்டாவது வாரம், சந்தனக்கூடு ஊர்வலம் மூணாவது வாரக் கடைசியில. இதுவும் பிறைக் கணக்குதான். கூடு ராத்திரி நாகையில கிளம்பி விடியக்காலை நாகூர் சேரும். அதனால மறுநாள் காலையில எதுவும் வைக்காதீங்க.
கார்த்திகை 1லேர்ந்து மாலை போட்ட பசங்க கறுப்பு வேட்டி, வெறுங்காலோட வருவாங்க. வகுப்பறையில தடையில்ல. ஆனா ஆய்வகத்துல அமிலம் சிந்தினா வெறுங்கால் வெந்துடும், வேட்டி நுனி பன்சன் விளக்குல பட்டா கேட்கவே வேண்டாம். அதனால அமிலம், காரம் அளக்குற தரம் பார்த்தல் சோதனையை அக்டோபருக்குள்ள முடிச்சிடுறேன். நவம்பர், டிசம்பர்ல பதிவேடு எழுதுறது மட்டும்.

கார்த்தி அப்பா 11, 7:44
பேண்ட்டும் கான்வாஸ் ஷூவும் போட்டு வந்தா செய்யலாமா? தோல் செருப்புதான் வேண்டாம்னு குருசாமி சொல்றார்.

வேதியியல் டீச்சர், 7:46
தாராளமா. ஆய்வக நேரத்துக்கு மட்டும் போட்டுக்கட்டும். நாலு ஜோடி வாசல்லயே வச்சிருக்கேன். மாலையைச் சட்டைக்குள்ள விட்டுக்கணும், அவ்வளவுதான்.

ஆயிஷா அத்தா 9பி, 7:52
2027 ரமலான் நோன்பு பிப்ரவரி 8 வாக்குல தொடங்கும். 12க்குச் செய்முறைத் தேர்வு வர்ற மாசம்.

வேதியியல் டீச்சர், 7:55
நோன்பு பிடிக்கிற பசங்க பேரைத் தனியா கொடுங்க, காலைக் குழுவுல போடச் சொல்லிப் புறத்தேர்வாளர்கிட்ட கேட்போம். மதியத்துக்கு மேல கை நடுங்கும், பிப்பெட் அளவு தப்பும்.

ஜெனிபர் அம்மா 8ஏ, 7:58
பிப்ரவரி 10 சாம்பல் புதன். சத்துணவுல முட்டை வேண்டாம்னு சில பிள்ளைங்க சொல்லும், வாழைப்பழம் வாங்கிக்கும். நோன்பு பிள்ளைங்க சாப்பிடவே வராது. சமைச்சப்புறம் சொன்னா வீணாத்தான் போகும்.

எச்.எம். மேடம், 8:04
வகுப்பாசிரியர்கள் முதல் பாடவேளையிலேயே மூணு எண் எழுதி அனுப்பணும்: முட்டை, பழம், சாப்பாடு வேண்டாதவங்க. 10 மணிக்குள்ள சத்துணவு அமைப்பாளர் கையில இருக்கணும். மதிய இடைவேளையில நோன்பு பிள்ளைங்க நூலகத்துல உட்காரட்டும், வெயில்ல நிறுத்த வேண்டாம்.
ஆசிரியர்களுக்கு ஒண்ணு: ஆர்.எல்., அதாவது பண்டிகைக்கு எடுக்குற வரையறுக்கப்பட்ட விடுப்பு, வருஷத்துக்கு மூணு நாள்தான். சாம்பல் புதன், ஓணம், வைகுண்ட ஏகாதசி எதுவா இருந்தாலும் ஒரு வாரம் முன்னாடி எழுதிக் கொடுங்க. அன்னைக்குக் காலையில போன் பண்ணினா மாற்று ஆள் போட முடியாது.

கணக்கு சார், 8:07
மேடம், ஆகஸ்ட் 26 ஓணமும்தான். மலையாள டீச்சர் ஆர்.எல். மிச்சம்னு சந்தோஷப்படுவாங்க.

எச்.எம். மேடம், 8:09
பிறை ஒரு நாள் தள்ளினா அதுவும் போச்சு. 18, 19, 20க்கு வினாத்தாள் 10ஆம் தேதிக்குள்ள கொடுங்க சார்.