நகராட்சி ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் ஊதியத்தை மன்றம் உயர்த்த முடியுமா?

கேள்வி (நகராட்சி வார்டு உறுப்பினர்):

அனைவருக்கும் வணக்கம். நான் தமிழ்நாட்டின் ஒரு சிறிய நகராட்சியில், 2022 தேர்தலில் வென்று வார்டு உறுப்பினராக இருக்கிறேன். எங்கள் ஊரில் குப்பை சேகரிப்பு, வடிகால் தூர்வாருதல், கொசுப்புழு ஒழிப்பு ஆகிய வேலைகளைச் செய்யும் ஏறத்தாழ 80 பேர் ஒப்பந்ததாரர் மூலம் வருகிறார்கள். நிரந்தரத் தூய்மைப் பணியாளர்கள் ஓய்வுபெற ஓய்வுபெற, அந்த இடங்கள் நிரப்பப்படாமலே போகின்றன. என் வார்டில் ஒரு தெருவின் ஒரு பக்கத்தை நிரந்தரப் பணியாளரும் மறுபக்கத்தை ஒப்பந்தப் பணியாளரும் கூட்டுகிறார்கள். இருவருக்கும் ஒரே மேஸ்திரிதான் காலை ஐந்தரை மணிக்கு வருகை எடுத்துத் தெருவைப் பிரித்துக் கொடுக்கிறார். மாதக் கடைசியில் ஒருவர் கைக்கு வரும் பணம் மற்றவர் வாங்குவதில் பாதிகூட இல்லை.

இதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், ஒப்பந்தப் பணியாளர்களின் தினக்கூலியை 100 ரூபாய் உயர்த்த வேண்டும் என்று நான் கொண்டுவந்த தீர்மானத்தை மன்றம் கட்சி வேறுபாடின்றி ஒருமனதாக நிறைவேற்றியது. இரண்டு மாதம் கழித்து, ஊதியம் நிர்ணயிக்கும் அதிகாரம் மன்றத்திற்கு இல்லை என்ற ஒற்றை வரியுடன் அது திரும்பி வந்துவிட்டது. அப்படியானால் நகராட்சியில் வேலை செய்பவரின் ஊதியத்தை உண்மையில் யார், எந்தக் கணக்கின்படி நிர்ணயிக்கிறார்கள்? அந்தக் கணக்கில் மன்றத்தின் கை எட்டும் இடம் ஏதேனும் உண்டா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1 (ஓய்வுபெற்ற நகராட்சிக் கணக்கர்):

அம்மா, உங்கள் தீர்மானம் திரும்பி வந்ததில் எனக்கு வியப்பில்லை. ஆனால் அதற்குக் காரணம் நீங்கள் கேட்டது தவறு என்பதன்று. கேட்ட இடமும் நேரமும் தவறிவிட்டன. கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நிரந்தரப் பணியாளரின் ஊதியத்தில் எந்த நகராட்சி மன்றத்திற்கும் பங்கில்லை. மாநில அரசு ஊழியர்களுக்கான ஊதிய விதிகளே அவர்களுக்கும் பொருந்துகின்றன. மத்திய அரசின் ஏழாவது ஊதியக் குழு பரிந்துரை செய்த பிறகு, தமிழக அரசு அலுவலர் குழு ஒன்றை அமைத்து, 2017 அக்டோபரில் அரசாணை 303 மூலம் புதிய ஊதிய விகிதங்களை வெளியிட்டது. கடைநிலைப் பணியாளருக்கு அதுவரை அடிப்படை ஊதியம் 4,800 ரூபாய், தர ஊதியம் 1,300 ரூபாய், ஆக 6,100 ரூபாய். இதை 2.57 ஆல் பெருக்கினால் வரும் 15,677 ரூபாயை முழுமையாக்கி, 15,700 ரூபாயை முதல் நிலையின் தொடக்கமாக வைத்தார்கள். அதன்மீது 1.7.2025 முதல் 58 விழுக்காடு அகவிலைப்படி, அதாவது 9,106 ரூபாய் சேர்ந்தது. எனவே அந்த விகிதத்தில் புதிதாக ஒருவர் நிரந்தரப் பணியில் சேர்ந்தால், வீட்டு வாடகைப்படி முதலியவற்றைச் சேர்க்காமலே 24,806 ரூபாய் வரும். ஆண்டு ஊதிய உயர்வும் தொடர்ந்து வருவதால், இருபது ஆண்டு பணி முடித்தவரின் ஊதியம் இதைவிட மிக அதிகமாகவே இருக்கும்.

ஒப்பந்தப் பணியாளரின் ஊதியம் பிறக்கும் இடம் வேறு. அது ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் தயாராகும் மதிப்பீட்டுத் தாளில் பிறக்கிறது. மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் தினக்கூலியையோ, தொழிலாளர் துறையின் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையையோ அடிப்படையாகக் கொண்டு அந்தத் தாளில் ஓர் எண்ணை எழுதுகிறார்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அந்த எண்ணை மாற்ற மன்றத் தீர்மானம் போதாது. ஆணையர் துணிந்து கூடுதலாகக் கொடுத்தாலும், உள்ளாட்சி நிதித் தணிக்கையில் தடை எழுதப்பட்டு அந்தத் தொகை அவர் தலையிலேயே விழக்கூடும். அதிகாரிகள் தயங்குவதற்குப் பெரும்பாலும் இந்த அச்சமே காரணம். அதை மனமின்மை என்று கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

ஊதிய அநீதி பெரும்பாலும் ஒளிந்திருக்கும் இடம் ஒன்றை உங்களுக்குக் காட்ட வேண்டும். கணக்கு புரிவதற்காக மட்டும் தினக்கூலியை 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 நாளுக்கு 15,600 ரூபாய். வருங்கால வைப்பு நிதிக்கு, 15,000 ரூபாய் உச்சவரம்பில் 12 விழுக்காடாக, தொழிலாளி பங்கு 1,800 ரூபாய், இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசு காப்பீட்டுக்கு 0.75 விழுக்காடு 117 ரூபாய். இவை போகக் கையில் 13,683 ரூபாய் கிடைக்க வேண்டும். வேலையளிப்பவர் தம் பங்காக வைப்பு நிதிக்கு நிர்வாகக் கட்டணங்கள் உட்பட 1,950 ரூபாயும் இ.எஸ்.ஐ.க்கு 3.25 விழுக்காடாக 507 ரூபாயும், ஆக 2,457 ரூபாய் தனியே கட்ட வேண்டும். அப்படியானால் ஓர் ஆளுக்கு மதிப்பீட்டில் குறைந்தது 18,057 ரூபாய் இருந்தாக வேண்டும். ஒப்பந்ததாரரின் சேவைக் கட்டணம் அதற்கு மேல். மதிப்பீட்டில் 15,600 மட்டும் எழுதி, "அனைத்துப் பிடித்தங்களும் உட்பட" என்ற ஒரு சொற்றொடரைச் சேர்த்துவிட்டால், அந்த 2,457 ரூபாயும் தொழிலாளியின் கூலியிலிருந்தே போய், கையில் 11,226 ரூபாய்தான் மிஞ்சும். வேலையளிப்பவரின் பங்கைத் தொழிலாளியின் ஊதியத்தில் பிடிக்கக் கூடாது என்று வைப்பு நிதிச் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் தெளிவாகத் தடுத்தும், இப்படி எழுதப்பட்ட தாள்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு முறை எதிர்ப்புக் குறிப்பு எழுதினேன். கோப்பு வேறு மேசைக்குப் போனது. இன்றும் அது என் மனத்தை உறுத்துகிறது.

அந்த மதிப்பீடு நிர்வாக அனுமதிக்காக மன்றத்தின் பொருள் நிரலில் வரும். அங்கே மன்றத்தின் கை எட்டும். ஆனால் பெரும்பாலான கூட்டங்களில் அது ஒட்டுமொத்தத் தொகையோடு ஒரே பத்தியில் வந்து, ஒரே நிமிடத்தில் நிறைவேறிவிடுகிறது.

பதில் 2 (தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்):

மேலே ஐயா எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். சட்டப் பக்கத்தைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பணி நிரந்தரமும் சம ஊதியமும் இரு வேறு கோரிக்கைகள் என்பது இத்தகைய விவாதங்களில் அடிக்கடி மறந்துபோகிறது.

முறையான தேர்வின்றிப் பணிக்கு வந்தவர், நீண்ட காலம் வேலை செய்ததை மட்டுமே காட்டி நிரந்தரம் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் உமாதேவி வழக்கில் கூறியது. அந்தத் தீர்ப்பைக் காட்டி ஊதியக் கோரிக்கையையும் சேர்த்தே மறுக்கும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. ஆனால் அதே நீதிமன்றம் 2016 அக்டோபர் 26 அன்று ஜக்ஜித் சிங் வழக்கில், நிரந்தரப் பணியாளர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்கு அந்தப் பதவியின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்ச அளவையாவது கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நகராட்சி நேரடியாக நியமித்த தினக்கூலிப் பணியாளருக்கு இது வலிமையான ஆயுதம். இடையில் ஒப்பந்ததாரர் வந்தவுடன், "இவர்கள் எங்கள் பணியாளர்களே அல்லர்" என்ற பதில் நகராட்சிக்குக் கிடைத்துவிடுவதால் வழக்கு கடினமாகிறது.

அதனால்தான் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த மேஸ்திரியைப் பற்றிய வரி என் கண்ணில் பட்டது. வருகை எடுப்பவரும், தெரு ஒதுக்குபவரும், வேலையை மேற்பார்வை செய்பவரும் நகராட்சி ஊழியரே என்றால், ஒப்பந்தம் வெறும் பெயரளவிலானதா என்ற கேள்வியைத் தொழில் தீர்ப்பாயத்தின் முன் எழுப்பலாம். பெயரளவிலான ஒப்பந்தம் என்று மெய்ப்பிக்கப்பட்டால் தொழிலாளர்கள் முதன்மை வேலையளிப்பவரின், அதாவது ஒப்பந்ததாரர் மூலம் வேலை வாங்கும் அமைப்பின், பணியாளர்களாகவே கருதப்படுவர் என்பதை, உச்ச நீதிமன்றம் 2001-இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கிலேயே ஏற்றிருக்கிறது. அந்த வருகைப் பதிவேடுகளைப் பழைய தாளாக எண்ணி எடைக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறைந்தபட்ச ஊதியத்திற்கோ இத்தனை சிக்கல் இல்லை. உள்ளாட்சி அமைப்புகளில் பணிபுரிவோருக்காகத் தமிழ்நாடு தொழிலாளர் துறை 2017-இல் வெளியிட்ட அரசாணை (2டி) 62, நேரடிப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் என்று பாராமல் அடித்தளமாக அமைகிறது. அதிலுள்ள அகவிலைப்படி, சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைப் பின்பற்றி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று மாறும். ஆட்சியர் நிர்ணயித்த கூலி இதைவிடக் குறைவாக இருந்தால் இதையே கொடுக்க வேண்டும். ஒப்பந்ததாரர் கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரான நகராட்சி கொடுத்தாக வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, குறைவான ஊதியத்திற்கு எதிராக முறையிடும் காலத்தை மூன்று ஆண்டுகளாக வைத்திருக்கிறது. பழைய சட்டத்தில் அது ஆறு மாதமாக இருந்தது.

சென்னையில் 2025 ஆகஸ்டில் நடந்ததை எல்லோரும் பார்த்தோம். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுத்தபோது, மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் பெற்றுவந்த தாங்கள் 17,000 ரூபாய்க்கும் குறைவாக வாங்க நேரிடும் என்று தொழிலாளர்கள் கூறி, ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் அமர்ந்திருந்தார்கள். வேலையும் தெருவும் அப்படியே இருக்க, வேலையளிப்பவரின் பெயர் மட்டும் மாறுவதால் ஒருவருடைய ஊதியம் இத்தனை குறையலாம் என்பதை என்னால் நியாயமாக ஏற்க முடியவில்லை.

பதில் 3 (ஒரு நகரவாசி):

தொழிலாளர்கள்மீது எனக்கும் அக்கறை உண்டு. ஆனாலும் பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 80 பேருக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், 26 நாள் என்றால் மாதம் 2,08,000 ரூபாய், ஆண்டுக்கு 24,96,000 ரூபாய். இ.எஸ்.ஐ. பங்கும் சேர்ந்தால் 25 லட்சத்தைத் தாண்டிவிடும். சிறிய நகராட்சிக்கு இது சில தெருக்களுக்குச் சாலை போடும் தொகை. 2022-இல் சொத்து வரியை உயர்த்தியபோது மக்கள் பட்ட சிரமம் இன்னும் மறக்கவில்லை. கூலியை உயர்த்துவோர், எந்தத் தலைப்பிலிருந்து அந்தப் பணம் வரும் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுத வேண்டும் என்று கேட்பது நியாயம்தானே?

பதில் 4 (வழக்கறிஞர்):

நியாயமான கேள்வி, ஐயா. அடித்தள ஊதியத்திற்கு மேலே எவ்வளவு கொடுக்கலாம் என்பதில் நிதி நிலையைப் பேசலாம். அடித்தளத்தை மறுக்க நிதிப் பற்றாக்குறையைக் காரணமாகக் காட்ட முடியாது. வடிகால் வசதி செய்துதரும் கடமையிலிருந்து பணமில்லை என்று கூறி நகராட்சி விலக முடியாது என்று 1980-இல் ரத்லம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வடிகாலுக்குப் பொருந்துவது, அந்த வடிகாலில் இறங்கும் மனிதரின் கூலிக்கும் பொருந்த வேண்டும் என்பது என் வாதம்.

குறைந்தபட்ச ஊதியத்தின் பின்னால் இருக்கும் கணக்கும் தாராளமானதன்று. 1957-இல் பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்த அளவுகோலில், வளர்ந்த ஆளுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, நால்வர் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வாடகை, எரிபொருள் ஆகியவையே இருந்தன. குழந்தைகளின் கல்வி, மருத்துவம், முதுமை ஆகியவற்றுக்காக மேலும் 25 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் பிறகு கூறியது. அந்த அளவுகோலில் நால்வர் குடும்பம் மூன்று நுகர்வு அலகுகளாகவே, அதாவது வளர்ந்த மூவரின் தேவையாகவே, கணக்கிடப்படுகிறது. தொழிலாளியின் வயதான பெற்றோருக்கு அதில் இடமே இல்லை.

கேள்வி கேட்டவரின் பதில்:

எல்லோருக்கும் என் நன்றி. நேற்று அலுவலகத்திற்குச் சென்று, நடப்பு ஒப்பந்தத்தின் மதிப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். "அனைத்தும் உட்பட" என்ற அதே சொற்கள் அதில் இருக்கின்றன. என் வார்டுப் பணியாளர்களில் ஒருவரிடம்கூடச் சம்பளச் சீட்டு இல்லை. ஒப்பந்தக் காலம் முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அடுத்த மதிப்பீட்டை இப்போதுதான் தயாரிக்கிறார்கள். பணம் எங்கிருந்து வரும் என்று கேட்ட ஐயாவுக்கும் எழுத்தில் பதில் தருவேன். நிலுவையிலுள்ள வணிகக் கட்டடங்களின் வரிப் பட்டியலைக் கேட்டிருக்கிறேன். புதிய தாளில் நான் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில் 5 (ஓய்வுபெற்ற நகராட்சிக் கணக்கர்):

அம்மா, கூலி எந்த ஆண்டுக்குரியது என்பதை முதலில் பாருங்கள். பழைய ஆண்டின் கூலியை வைத்து மதிப்பீடு போடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஆண்டுதோறும் ஏறும் அகவிலைப்படியைத் தொகையோடு சேர்த்துக் கொடுக்கும் நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் முதல் ஆண்டுக் கூலியே உறைந்துவிடும். வேலையளிப்பவரின் வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. பங்கு தனி வரியாக வர வேண்டும்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். குப்பைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. 80 இடங்களில் 30 நாளும் வேலை நடக்க வேண்டும், ஒவ்வொருவரும் 26 நாள்தான் வேலை செய்ய வேண்டும் என்றால், 2,400 ஆள்நாளை 26 ஆல் வகுத்துப் பாருங்கள். 92-க்கு மேல் வரும், அதாவது 93 பேர் தேவை. மதிப்பீட்டில் 80 என்றே எழுதியிருந்தால், அந்த வார விடுமுறை தாளில் மட்டுமே இருக்கிறது என்று பொருள். கூட்டத்திற்கு ஏழு நாள் முன்னதாகவே எழுத்துமூலம் கேள்வியைக் கொடுத்து, ஒப்புதல் ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.